பம்பாவைப் படுத்தபடி கடந்த இரவு: புவெனஸ் அயர்ஸ் – மெண்டோசா பேருந்து, ஒரு நிகழ்வு ஆய்வு

அக்காவுக்கு 62 வயது. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. நடப்பாள், மெதுவாகப் படி ஏறுவாள். ஆனால் காலை மடக்கியபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் மூட்டு இறுகிவிடும். எழுந்து பத்து எட்டு வைப்பதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அவளை 2023 மார்ச்சில் ஆர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து ஆண்டிஸ் மலையடிவாரத்து மெண்டோசாவுக்குப் பேருந்தில் கூட்டிப்போனேன். ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர், 14 மணி நேரம். மறுநாள் இறங்கியபோது அவள் கைத்தடியைத் தேடவில்லை.

அந்த ஒரு இரவைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். அந்த வசதி எப்படிக் கிடைத்தது, எந்த இடத்தில் கைநழுவப் பார்த்தது, ஒரு நாட்டில் பேருந்து இந்த அளவுக்கு வசதியாக வளர்ந்தது ஏன், அந்த வசதிக்கு வேறு யாராவது விலை கொடுத்தார்களா என்பதெல்லாம் அந்த ஒரே பயணத்துக்குள் அடங்கியிருந்தன.

விமானம் இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அக்காவுக்கு அந்த நாட்டைத் தரை வழியாகப் பார்க்க ஆசை. "மேலே பறந்து போனா மேகம்தாண்டா தெரியும். மேகத்தை நம்ம ஊர்லயே பார்த்துக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு நான் விமான டிக்கெட் பக்கமே போகவில்லை.

எந்த சீட், எந்தத் தளம்

ஆர்ஜென்டினாவில் தொலைதூரப் பேருந்தை 'மிக்ரோ' என்பார்கள். தலைநகரில் நகரப் பேருந்துக்கு 'கொலெக்தீவோ' என்று வேறு பெயர். மிக்ரோவில் மூன்று தரங்களை அறிந்திருந்தால் போதும். முதலாவது 'செமி காமா'. காமா என்றால் ஸ்பானிய மொழியில் படுக்கை. ஆக இது பாதிப் படுக்கை. பக்கத்துக்கு இரண்டாக வரிசைக்கு நான்கு சீட், முதுகு நன்றாகச் சாயும், கெண்டைக்காலுக்கு ஒரு தாங்கி உண்டு. அடுத்தது 'காமா எஹெகுதீவோ'. ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று என வரிசைக்கு மூன்றே சீட். அகலம் கூடும், முதுகு இன்னும் தாழும். மூன்றாவது 'காமா சூயிட்'. இதில் முதுகும் கால்தாங்கியும் ஒரே மட்டமாகி நிஜமாகவே கட்டில் ஆகிவிடும். ஒரே பெயரில் எல்லா நிறுவனமும் ஒரே சீட்டைத் தருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பெயரைவிட வரிசைக்கு எத்தனை சீட் என்பதுதான் நம்பகமான அடையாளம்.

சரி, தரம் காமா எஹெகுதீவோ என்று முடிவானது. அடுத்த கேள்வி தளம். இந்த வண்டிகள் பெரும்பாலும் இரண்டு அடுக்கு. மேல்தளத்தில் செமி காமா நிறைய, கீழ்த்தளத்தில் காமா சீட்டுகள் பத்துப் பன்னிரண்டு என்பது பழக்கமான அமைப்பு. நாங்கள் சென்று சேர்ந்த வாரத்தில் ஒரு பகல் பயணத்துக்கு ஆசைப்பட்டு மேல்தளத்தின் முதல் வரிசையை எடுத்திருந்தேன். முன்னால் முழுக் கண்ணாடி, சாலை முழுக்க நமக்கே. ஆனால் ஏறும் படி குறுகல், செங்குத்து. அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கண்ணாடிக்கும் சீட்டுக்கும் நடுவே காலை முழுதாக நீட்ட இடமில்லை. மதியம் வெயில் நேராக முகத்தில் இறங்கியது. வண்டி வளையும்போது மேலே ஆட்டமும் அதிகம். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோமோ அவ்வளவு ஊசலாட்டம். கழிப்பறை கீழே. ஆக மூன்று மணி நேரத்தில் அவளுக்கு இரண்டு முறை இறங்கி ஏறும் வேலை. பார்வைக்கு நல்ல சீட், முழங்காலுக்கு ஆகாத சீட்.

அந்த அனுபவத்தால் மெண்டோசா பயணத்துக்குக் கீழ்த்தளத்தில், இரட்டைச் சீட் பக்கம், கழிப்பறைக் கதவிலிருந்து மூன்று வரிசை தள்ளி எடுத்தோம். கதவை ஒட்டிய சீட்டில் இரவெல்லாம் கதவுச் சத்தமும் வாடையும் வரும். தள்ளி இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, கழிப்பறையும் எட்டும் தூரத்தில் இருக்கும். இணையத்தில் சீட் வரைபடத்தைக் காட்டுகிறார்கள், எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கவுன்ட்டரில் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டுப் பதிந்துகொள்வார்கள்; ஏறும்போதும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். விலையைப் பற்றி எழுதிப் பயனில்லை. அந்த மாதத்தில் ஆண்டுப் பணவீக்கம் 100 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. திங்கட்கிழமை பார்த்த கட்டணம் வெள்ளிக்கிழமை இல்லை.

ரெத்திரோவில் இரண்டு மணி நேரம்

ரெத்திரோ என்பது தலைநகரின் வடகிழக்கு ஓரம். அங்கே மூன்று ரயில் நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன: மித்ரே, பெல்கிரானோ, சான் மார்த்தின். மித்ரே நிலையம் 1915இல் ஆங்கிலேய ரயில்வே நிறுவனம் கட்டியது. வளைந்த இரும்புக் கூரையும் பளபளக்கும் ஓடுகளும் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இந்த மூன்றையும் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் பேருந்து முனையம். ரயில் நிலையங்களில் இப்போது பெரும்பாலும் புறநகர் வண்டிகள்தான். நாட்டின் மறுகோடிக்குப் போகிறவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த அழகான கட்டடங்களைக் கடந்து பேருந்து முனையத்துக்குத்தான் போகிறார்கள்.

முனையத்தில் புதியவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. டிக்கெட்டில் ஒரே பிளாட்பார எண் இருக்காது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று ஒரு வீச்சு போட்டிருப்பார்கள். வண்டி உள்ளே நுழையும் நேரத்தில்தான் திரையில் சரியான எண் வரும். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் ஓட முடியாது. எனவே வீச்சின் நடுவில் ஒரு பெஞ்சைப் பிடித்து அக்காவை உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் திரைக்கும் அவளுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் வெந்நீர் கண்ணில் பட்டது. ஆர்ஜென்டினாக்காரர்கள் மாதே என்ற மூலிகை இலைப் பானத்தை நாள் முழுதும் உறிஞ்சுகிறார்கள். ஒரு கையில் சுரைக்குடுவை போன்ற கிண்ணம், அக்குளில் ஃபிளாஸ்க், இப்படித்தான் பாதிப் பேர் பயணம் செய்கிறார்கள். அவர்களுக்காக முனையங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் வெந்நீர் பிடித்துக்கொள்ள வசதி வைத்திருக்கிறார்கள். அக்காவின் பையில் ரப்பர் வெந்நீர்ப் பை இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் ஃபிளாஸ்கை நிரப்பினார், நான் ரப்பர் பையை நிரப்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "இதுக்கா?" என்பதுபோல் தலையசைத்தார். ஆமாம் என்றேன். அந்த இரவின் வசதிகளில் பாதி அந்தக் குழாயிலிருந்து வந்தது என்றே சொல்வேன்.

வந்து நின்ற வண்டி வேறு

இரவு எட்டு மணி வண்டி எட்டு மணிக்கே வந்தது. நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. பெட்டியை டிக்கியில் போடுகிறவர் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் கையை நீட்டினார். சில்லறையைக் கொடுத்துவிட்டு உள்ளே பார்த்தேன். கீழ்த்தளத்தில் வரிசைக்கு நான்கு சீட். செமி காமா. நாங்கள் வாங்கியது அதுவல்ல.

ஓட்டுநரிடம் கேட்டேன். "வண்டி மாறிவிட்டது" என்றார். பழுதான வண்டிக்குப் பதிலாகக் கையில் இருந்ததை அனுப்பியிருக்கிறார்கள். இது எந்த நாட்டிலும் நடப்பதுதான். ஆனால் எங்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மலிவான சீட்டுக்கு அதிகமாகக் கொடுத்த பணத்தைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. என் அரைகுறை ஸ்பானிய மொழியில் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுடா, சமாளிச்சுக்கறேன்" என்றாள். 14 மணி நேரம் சமாளிக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, எழுபது வயதிருக்கும், குறுக்கிட்டார். எங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். தர எழுத்தைச் சுட்டிக்காட்டி ஓட்டுநரிடம் வேகமாக நாலு வார்த்தை பேசினார். பிறகு எங்களிடம் மெதுவாக, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்: மேலே கவுன்ட்டருக்குப் போங்கள், சீட்டின் தரம் மாறியதை எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் இந்த முனையத்திலேயே தேசியப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது, அங்கே போவேன் என்று சொல்லுங்கள். அவரும் கீழ்த்தளக் காமாவுக்குத்தான் பணம் கொடுத்திருந்தார். எங்களோடு அவரும் வந்தார்.

ஆணையத்தின் பெயரைச் சொன்னதும் கவுன்ட்டரில் பேச்சு மாறியது. இரண்டு வழி கொடுத்தார்கள். இதே வண்டியில் ஏறினால் வித்தியாசப் பணம் திரும்பும். இல்லையென்றால் பத்து மணிக்குக் கிளம்பும் இன்னொரு நிறுவனத்தின் வண்டிக்கு டிக்கெட்டை மாற்றித் தருவார்கள். அதில் கீழ்த்தளம் சூயிட், மூன்று சீட் காலி. மூவரும் அதையே எடுத்தோம். பெட்டி மட்டும் முந்தைய வண்டியோடு போயிருந்தால் பெரும்பாடாகியிருக்கும். பெட்டியை இறக்கி வாங்கிக்கொண்டுதான் மாடிக்கே போனோம், அதுவும் அந்த அம்மாள் சொல்லித்தான்.

இந்த இடத்தில் நான் கற்றது சின்ன விஷயம். டிக்கெட்டில் சீட் எண்ணோடு சீட்டின் தரமும் அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கவுன்ட்டரில் எங்கள் பக்கம் நின்ற ஒரே சாட்சி அந்த எழுத்துதான்.

இரவு

இரண்டாவது வண்டியில் கீழ்த்தளத்துக்கு ஏற ஒரே படி. சூயிட் சீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கியதும் முதுகு பின்னால் சரிந்தது, கால்பலகை முன்னால் உயர்ந்தது, நடுவிலிருந்த இடைவெளி மூடிக்கொண்டது. அக்கா வெந்நீர்ப் பையை முழங்காலின் அடியில் வைத்து, அவர்கள் கொடுத்த போர்வையை இழுத்துவிட்டாள். நான் அவளுடைய பெல்ட்டைப் போர்வைக்கு மேலே, இடுப்பில் மாட்டிவிட்டேன். படுத்திருந்தாலும் பெல்ட் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு காலத்தில் இந்த வண்டிகளில் சூடான சாப்பாடு, ஒயின், ஏன், பரிசு வைத்து பிங்கோ விளையாட்டுகூட நடக்கும். நாங்கள் போனபோது ஒரு அட்டைப் பெட்டிதான் வந்தது. உள்ளே பன்றி இறைச்சியும் சீஸும் வைத்த மெல்லிய சாண்ட்விச், பிஸ்கட், அல்ஃபஹோர் என்ற இனிப்பு. காய்கறி மட்டும் உண்பவர்களுக்கு அல்ஃபஹோர்தான் மிஞ்சும். அக்கா தங்கியிருந்த வீட்டிலேயே புளியோதரை கிளறி எடுத்து வந்திருந்தாள். ஏசி குளிரில் அது கெடவே இல்லை. அந்த அம்மாளுக்கும் ஒரு பிடி கொடுத்தாள். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, புளிப்புக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மேற்கே போனது. பம்பா என்கிற புல்வெளிச் சமவெளி. மேடு இல்லை, வளைவு இல்லை. வண்டி ஓடுகிறது என்பதே எஞ்சின் சத்தத்தில்தான் தெரிந்தது. இரண்டு ஓட்டுநர்கள், மாறி மாறி. நள்ளிரவைத் தாண்டி ஓர் ஊரின் மஞ்சள் விளக்குகள் தொலைவில் வரிசையாக நகர்ந்தன. அந்த அம்மாள் தூங்காமல் ஜன்னலோடு இருந்தார். "ஹுனின்" என்றார். அவர் பிறந்த ஊர். அவருடைய அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். "ரயில் மெதுவாப் போகும். ஆனா எங்க ஊர்ல நிக்கும். இந்த வண்டி நிக்காது" என்றார். இப்போது மெண்டோசாவில் மகள் வீட்டுக்குப் போகிறார்.

ரயில் போன இடத்தில் வந்த கட்டில்

அவர் சொன்ன அந்த இரண்டு வரிக்குள்தான் இந்த வசதியின் வரலாறு இருக்கிறது.

ஆர்ஜென்டினாவின் ரயில்பாதை உச்சத்தில் ஏறத்தாழ 47,000 கிலோமீட்டர் இருந்தது. பெரும்பகுதியை ஆங்கிலேய, பிரெஞ்சு நிறுவனங்கள் போட்டன. கோதுமையையும் மாட்டிறைச்சியையும் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காகப் போட்ட பாதைகள் என்பதால் பெரும்பாலானவை விசிறிபோல் புவெனஸ் அயர்ஸில் வந்து குவிந்தன. 1948இல் ஹுவான் பெரோன் அரசு அவற்றைத் தேசியமயமாக்கியது. மெண்டோசா வழி, சான் மார்த்தின் ரயில்வே ஆனது. ஹுனின் பட்டறை அதன் இதயம்போல் இருந்தது. பிறகு பல பதிற்றாண்டுகள் பராமரிப்பின்றி நஷ்டம் ஏறியது. கார்லோஸ் மெனெம் அதிபரானதும் 1990களில் ரயில்வே துண்டு துண்டாகத் தனியாருக்குப் போனது. வேலைநிறுத்தம் செய்யும் கிளைப்பாதை மூடப்படும் என்று அவர் வெளிப்படையாகவே மிரட்டினார். 1993 மார்ச்சில், தொலைதூரப் பயணி ரயில் வேண்டுமானால் மாகாணங்களே செலவை ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு கைவிரித்தது. பெரும்பாலான மாகாணங்களால் முடியவில்லை. வண்டிகள் நின்றன. ஹுனின் பட்டறையும் அந்த ஆண்டோடு முடிந்தது.

இதே காலத்தில், 1992இல், பேருந்துப் போக்குவரத்து விதிகளைத் தளர்த்தி ஓர் ஆணை வந்தது. ரயிலை விட்டிறங்கிய கூட்டம் முழுக்கப் பேருந்துக்கு வந்தது. அந்தக் கூட்டத்தை இழுக்க நிறுவனங்கள் எதில் போட்டி போட முடியும்? வேகத்தில் முடியாது, சாதாரண நெடுஞ்சாலையில் பேருந்துக்கு மணிக்கு 90 கிலோமீட்டர்தான் வரம்பு, சாலையும் எல்லாருக்கும் ஒன்றே. மிஞ்சியது சீட். இன்னொன்றையும் கவனித்தேன். தலைநகரிலிருந்து கொர்தோபா நகரம் சுமார் 700 கிலோமீட்டர், மெண்டோசா 1,050, இகுவாசு அருவி 1,300. அந்த வரம்புக்குள் ஓட்டினால் இவையெல்லாம் ஓர் இரவைக் கடந்து அடையும் தூரங்கள். இரவில் விற்கக்கூடிய ஒரே சரக்கு தூக்கம். ஆகவே தூக்கத்தை விற்றார்கள். கட்டிலாக மாறும் சீட் பிறந்தது இப்படித்தான் என்பது என் முடிவு. வாகனங்களைக் கட்டித்தரப் பக்கத்து நாட்டிலேயே ஆளும் இருந்தது: பிரேசிலின் கஷியாஸ் தோ சுல் நகரில் 1949இல் தொடங்கிய மார்க்கோபோலோ நிறுவனம். நம் ஊர்ச் சாலைகளில் 'டாடா மார்க்கோபோலோ' என்று எழுதிய பேருந்தைப் பார்த்திருப்பீர்கள். தார்வாடில் அந்தப் பேருந்துகளைக் கட்ட டாட்டாவோடு கைகோத்ததும் இதே நிறுவனம்தான்.

ஆனால் கட்டிலாக மாறும் சீட் வந்தபோது வேறொன்று போய்விட்டது. ரயில் ஒவ்வொரு சிற்றூரிலும் நின்றது. சூயிட் பேருந்து நடுவழியில் நின்றால் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். நிற்காமல் போவதுதான் அதன் சிறப்பு. அக்கா நிம்மதியாகத் தூங்கியதற்கும் அந்த ஊர்கள் எங்களுக்கு வெறும் மஞ்சள் விளக்காகக் கடந்து போனதற்கும் காரணம் ஒன்றே. ரயில் நின்ற பிறகு பம்பாவில் பல சிற்றூர்கள் ஆளின்றிக் காலியாயின. எனக்கு இதை எழுதும்போது மனம் கனக்கிறது. அந்த இரவு எங்களுக்கு நல்ல இரவு. அதைக் கொடுத்த பெண்மணிக்கே அந்த வண்டியில் அவருடைய ஊரில் இறங்க வழியில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 2018 ஜனவரியில் ஃபிளைபோண்டி என்ற மலிவுக் கட்டண விமானம் பறக்கத் தொடங்கியது. பெயரிலேயே 'போண்டி' இருக்கிறது. பேச்சுவழக்கில் நகரப் பேருந்து என்று பொருள். அதே ஆண்டில், முன்கூட்டியே வாங்கும் உள்நாட்டு விமான டிக்கெட்டுகளுக்கு இருந்த குறைந்தபட்சக் கட்டண வரம்பும் நீங்கியது. தலைநகரிலிருந்து பெரிய ஊருக்கு நேராகப் போகிற, கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கத் தயாராக இருக்கிற பயணிதான் சூயிட் சீட்டின் வாடிக்கையாளர். விமானம் முதலில் பறித்துக்கொண்டது அவரைத்தான். பெருந்தொற்று மிச்சத்தையும் உலுக்கியது. எங்களுக்கு வந்த அட்டைப் பெட்டிச் சாப்பாடு, முன்னறிவிப்பில்லாத வண்டி மாற்றம் இவற்றையெல்லாம் அந்த நெருக்கடியின் கோடுகளாகத்தான் பார்க்கிறேன். அதற்காகச் சொல்லாமல் மாற்றியது சரியாகிவிடாது. 2024 அக்டோபரில் புதிய அரசு தொலைதூரப் பேருந்துகளின் தடம், நேரம், கட்டணம் எல்லாவற்றையும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

பேருந்தை மட்டுமே நம்பியிருப்பவர்களும் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் தொலைதூரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்ய அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. எங்கள் வண்டியின் மேல்தளத்தில் ஒரு தாயும் பார்வையற்ற மகனும் அப்படி வந்தார்கள். வண்டி குறைந்தால் முதலில் சிரமப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

பாதுகாப்பு

இதைச் சொல்லாமல் வசதியைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. 2006 அக்டோபர் 8 அன்று, வடக்கே சாக்கோ மாகாணத்தில் சேவைப் பயணம் முடித்துத் தலைநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்த பள்ளி மாணவர்களின் பேருந்து மீது, சாந்தா ஃபே மாகாணத்தில் 11ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு லாரி மோதியது. லாரி ஓட்டுநர் குடித்திருந்தார். ஒன்பது மாணவர்களும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். பெற்றோர்கள் வீட்டில் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை, ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2008இல் தேசியச் சாலைப் பாதுகாப்பு முகமை சட்டப்படி அமைந்ததில் அவர்களுடைய பங்கு பெரிது. வண்டிக்குள் எவ்வளவு நல்ல கட்டில் போட்டாலும் எதிரே வருகிறவனின் நிதானம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது பெல்ட்டும், இரண்டு ஓட்டுநர்கள் இருக்கிறார்களா என்ற கேள்வியும்தான். ஏறும்போது நான் அதைக் கேட்டேன். இரண்டாமவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

விடியலில் பழம்

சான் லூயிஸ் மாகாணத்தில் சாலையோர விளக்குகள் விடிய விடிய எரிந்தன. விடிந்து வெகுநேரம் கழித்து தெசாகுவாதேரோ என்ற இடத்தில் வண்டி நின்றது. மெண்டோசா மாகாணத்தின் வாசல். பழ ஈ நுழைந்தால் அங்குள்ள தோட்டங்களுக்குக் கேடு என்பதால் வெளியிலிருந்து பழம் கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த அம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தார். ரெத்திரோவில் வாங்கிய ஆறு பிளம்ஸில் நான்கு மிஞ்சியிருந்தன. படுக்கையை நிமிர்த்தி மூவரும் அதையே காலை உணவாகத் தின்று முடித்தோம்.

மெண்டோசாவில் அக்கா அந்த ஒற்றைப் படியில் இறங்கினாள். காலை ஒருமுறை உதறிக்கொண்டாள், நடந்தாள். கைத்தடி பெட்டியோடு டிக்கியில் இருந்தது. அந்த அம்மாளை அழைத்துப்போக மகள் வந்திருந்தார். அக்காவின் கன்னத்தில் கன்னம் வைத்து விடைபெற்றார்.

மூன்று நாள் கழித்து அங்கிருந்து சிலியின் தலைநகர் சாந்தியாகோவுக்குப் பகல் பேருந்தில் போனோம். ஏழெட்டு மணி நேரம், நடுவில் எல்லைச் சோதனைக்கு நிற்கும் நேரமும் உண்டு. குளிர்காலத்தில் பனி பெய்தால் வழியிலுள்ள ஆண்டிஸ் கணவாய் மூடிவிடும், மார்ச்சில் திறந்திருந்தது. இந்தத் தடத்துக்குக் கட்டில் சீட் வீண். தூங்குவதற்கு யாரும் இந்த வழியில் போவதில்லை. அக்கா கீழே ஜன்னலோரம், நான் மேலே. உஸ்பயாத்தாவைத் தாண்டியதும் சாலையை ஒட்டியே ஒரு துருப்பிடித்த ரயில்பாதை கூட வரத் தொடங்கியது. பாலம் இருக்கிறது, தண்டவாளம் பாதி மண்ணுக்குள். பனிச்சரிவுக்குப் போட்ட கூரைகள் இடிந்து கிடக்கின்றன. 1910இல் திறந்த ஆண்டிஸ் ரயில். பயணி வண்டி 1979இல் நின்றது, சரக்கு வண்டி 1984இல்.

எல்லைச் சோதனையில் எல்லாரும் இறங்கினோம். நாய் பைகளை முகர்ந்து போனது. அக்கா பருப்புப்பொடியையும் சுண்டைக்காய் வற்றலையும் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதிகாரி பொடியை முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், வற்றலை எடுத்துக்கொண்டார். மூட்டை தூக்குகிறவர்களுக்காக ஒரு குவளை கைமாறி வந்தது, சில்லறை போட்டோம்.

மறுபடி வண்டி ஏறுமுன் அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பழைய தண்டவாளம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எங்கெங்கடா நின்னிருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த நிறுத்தங்களைச் சொன்னேன். உஸ்பயாத்தா, புவெந்தே தெல் இங்கா, லாஸ் குவேவாஸ். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். கீழ்த்தளத்துப் படியில் என் தோளைப் பிடிக்காமலேயே ஏறி, தன் ஜன்னலுக்குப் போனாள்.